அத்தானின் வலப்பக்கப் பல்

அத்தான் தூண்டில் முள்ளால் தன் பல்லைக் கிண்டியது வள்ளத்தில் வைத்துத்தான். விடத்தல்தீவுக் கரை ஒரு கோடாகத் தெரிந்தது. கடலட்டை பிடிக்க இறங்கியவர் பாதியிலேயே மேலே வந்துவிட்டார். கன்னத்தைப் பொத்திக்கொண்டு, மற்றக் கையால் வள்ளத்தின் விளிம்பைப் பிடித்தபடி கொஞ்ச நேரம் தண்ணீரிலேயே கிடந்தார். பிறகு ஏறி, முதுகில் இருந்த சிலிண்டரைக் கழற்றிவிட்டு, "முள்ளொண்டு எடு" என்றார். வாயைத் திறந்து, விரலால் தடவி இடம் பார்த்து, பல் டொக்டர் வைத்துவிட்ட வெள்ளை அடைப்பைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கிளறி எடுத்தார். கடலில் துப்பினார். சுண்ணாம்புப் பொருக்கு மாதிரி விழுந்தது. மடியிலிருந்து ஒரு சின்னப் போத்தலை எடுத்தார். அக்கா காய்ச்சிக் கொடுத்த வேப்பம்பட்டைச் சாறு, கராம்பு எண்ணெய் கலந்தது. பஞ்சை அதில் நனைத்துப் பல்லுக்குள் திணித்தார். திரும்ப இறங்கினார். இந்த முறை நேரம் எடுத்து, பை நிறைய அட்டையோடுதான் வந்தார்.

அத்தான் என் அக்காவின் புருஷன். சண்டை கடுமையாவதற்கு முன்பே சங்கு குளித்தவர். நான் வள்ளத்தில் இருப்பவன். எஞ்சினைப் பார்ப்பதும், கீழே இருப்பவரின் காற்றுக் குமிழி எந்தப் பக்கம் போகிறது என்று பார்ப்பதும் என் வேலை. பள்ளிக்கூடம் இரண்டு பேரும் அதிகம் போகவில்லை. பேச்சும் அதிகம் இல்லை. சிலிண்டர் காற்று ஒரு றப்பர் வாய்ப்பிடி வழியாக வரும். அதைப் பல்லால் கடித்துக்கொண்டுதான் கீழே இருக்க வேண்டும். கை இரண்டுக்கும் வேறு வேலை உண்டு. அத்தானுக்கு இடப்பக்கத்தில் பல் இல்லை. கடைசிச் சண்டையில் போனது. எப்படி என்று அவர் சொல்லவில்லை, நான் கேட்கவும் இல்லை. வலப்பக்கத்துக் கீழ்ப்பல் ஒன்றுதான் அவருக்குப் பிடி. அதுதான் சூத்தையாகிப் போனது.

சண்டை முடிந்து முகாமில் இருந்த காலத்தில் தொடங்கிய சூத்தை அது. அங்கே குளிசை மருந்துக்கும் வரிசை, தண்ணீருக்கும் வரிசை. கம்பி வேலியோரம் ஒரு வேம்பு நின்றது. அக்கா அதன் பட்டையை உரித்து, உப்புப் போட்டுக் காய்ச்சிக் கொடுப்பாள். அத்தான் கொப்பளிப்பார், குத்து அடங்கும். கராம்பு கிடைத்த நாளில் கராம்பு வைப்பார். அங்கிருந்த காலம் முழுவதும் அந்தப் பல்லை வேம்புதான் காத்தது. அதனால் வேம்பில் அவருக்கு ஒரு நம்பிக்கை. அதைப் பிழை என்று சொல்ல மாட்டேன். எங்களுக்கு அப்போது நம்ப வேறு என்ன இருந்தது?

ஊருக்குத் திரும்பிவர விட்டபோது வீடு இருந்த இடத்தில் பற்றைக்காடுதான் இருந்தது. வெட்டித் துப்புரவாக்கித் தறப்பாள் கூடாரம் கட்டினோம். வளவில் நிழலுக்கு ஒரு மரம் மிஞ்சவில்லை. கடலுக்குப் போகலாம் என்றார்கள். வள்ளமும் எஞ்சினும் எப்படியோ சேர்ந்தன. அத்தான் இறங்கினால்தான் இரண்டு குடும்பத்துக்கும் அடுப்பு எரியும். அவர் இறங்கினார். ஆனால் ஆழம் போகப் போகப் பல் குத்தியது. ஒருநாள் தாடையைக் கட்டிக்கொண்டு வந்து நின்றார். மன்னார் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனேன்.

பல் டொக்டர் ஒரு இளம் பெண். முதலில் கழற்றத்தான் பார்த்தார். அத்தான் கையெடுத்துக் கும்பிட்டார்.

"கழட்டிப் போடாதேங்கோ டொக்டர். நான் குளிகாரன். இதாலதான் கடிச்சுப் பிடிக்கிறனான்."

டொக்டர் அவர் வாயைத் திரும்பவும் பார்த்தார். இடப்பக்கத்தையும் பார்த்தார். பிறகு வேரைச் சுத்தம் செய்து பல்லைக் காப்பாற்றலாம், ஆனால் மூன்று நான்கு முறை வர வேண்டும், முடியும்வரை கடலில் இறங்கக்கூடாது என்றார். அத்தான் தலையாட்டினார். வேலை நடக்கும்போது டொக்டர் மூக்கைச் சுருக்கி, "என்ன வேப்பம் வாசம்?" என்று கேட்டார். அத்தான் வாயைக் கொப்பளித்துத் துப்பிவிட்டுச் சொன்னார்.

"பட்டைச் சாறு. அது கிருமியைக் கொல்லாதோ?"

"கொல்லும். வேம்பு, கராம்பு ரெண்டுமே கொல்லும். உதுகளின்ர சாறால வேரைக் கழுவலாமோ எண்டு ஆராய்ச்சியும் செய்யினம். ஆனா ஐயா, வேர் மயிர் மாதிரி ஒடுக்கம். நீங்கள் விடுற சாறு மேலதான் நிக்கும், அடிக்குப் போகாது. கழுவினாப் பிறகு காத்தும் தண்ணியும் போகாம மூடவும் வேணும். மூடாட்டி எந்த மருந்தும் வீண்."

நான் பக்கத்தில் நின்று முழுவதையும் கேட்டேன். அத்தானும் கேட்டார். ஆனால் பஸ்ஸில் வரும்போது அவர் சொன்னது இவ்வளவுதான்: "பாத்தியோ, டொக்டரே ஒத்துக்கொண்டிட்டா."

பல்லில் தற்காலிகமாக ஒரு வெள்ளை அடைப்பு இருந்தது; அடுத்த முறைக்கு நாள் கிடந்தது. வீட்டில் அரிசி கிடக்கவில்லை. காற்றும் நல்லாய் இருந்தது. அவர் கடலுக்கு வெளிக்கிட்டார். மூடிய பல்லுக்குள் கொஞ்சம் காற்று நின்றாலும் ஆழத்தில் அது உயிர் போகிற மாதிரி நோகும் என்று பிறகுதான் டொக்டர் சொல்லி அறிந்தேன். அன்று வள்ளத்தில் அவர் கண்டது ஒன்றுதான்: அடைப்பு இருந்தால் நோகுது, எடுத்தால் நோகேல்லை. அடைப்புக்குப் பதில் வேம்பு. டொக்டரும் கொல்லும் என்றுதானே சொன்னவர்.

அந்தப் பருவம் முழுக்க அவருக்கு நோவே இல்லை. தினமும் பஞ்சு மாற்றினார். ஆஸ்பத்திரிப் பக்கம் போகவில்லை. "வாய்க்குள்ள வேப்பமரம் முளைக்கப்போகுது, பாத்துக்கொண்டிருங்கோ" என்று அக்கா நக்கலடிப்பாள். "முளைக்கட்டும். வளவுக்கு நிழல் இல்லைத்தானே" என்பார். இரண்டு பேரும் சிரித்தார்கள். அந்த வளவில் சிரிப்புக் கேட்டது அந்த நாட்களில்தான்.

பிறகு தாடையின் கீழ் வீங்கியது. பட்டையை அரைத்து வெளியிலும் பூசினார்கள். ஒருநாள் விடிய நான் போனபோது அத்தான் பாயில் குந்தியிருந்தார். கழுத்து கல் மாதிரி இருந்தது. நாக்கு மேலே தள்ளிக்கொண்டு நின்றது. எச்சில் விழுங்க முடியாமல் வடிந்தது. மூச்சு விசிலடித்தது. அக்கா அழவில்லை. "ஓட்டோவைக் கூப்பிடு" என்றாள். வழி முழுக்க அவர் முன்னால் குனிந்தபடியே வந்தார். நிமிர்ந்தால் மூச்சு வராது.

கழுத்தை வெட்டிச் சீழ் எடுத்தார்கள். தொண்டையில் குழாய் வைத்தார்கள். உயிர் மிஞ்சியது. கண் விழித்தவர் எங்கள் முகத்தைப் பார்க்கவில்லை. கையைத் தூக்கி வலக் கன்னத்தைத் தொட்டுக் காட்டினார். கேள்வி விளங்கியது. எனக்கும் அக்காவுக்கும் பதில் தெரியும். அக்கா போர்வையை இழுத்துவிட்டாள். பல் டொக்டர் வார்டுக்கு வந்தபோது அவரிடமும் அதே மாதிரிக் காட்டினார்.

"இல்லை ஐயா. அதையும் பக்கத்துப் பல்லையும் எடுத்தாச்சு" என்றார் டொக்டர்.

அத்தான் சுவர்ப் பக்கம் திரும்பினார்.

வெளியில் டொக்டர் என்னிடம், "கொல்லும் எண்டதை நான் சொல்லாம விட்டிருக்கலாம்" என்றார். அவர் சொன்னது பொய் இல்லை. அத்தான் நம்பியதும் பொய் இல்லை. சாறு போன ஆழம் போதாது, அவ்வளவுதான். மிச்ச ஆழத்துக்கு அத்தான்தான் போனார். வேறு ஆள் இருக்கவில்லை.

ஆள் தேறி வந்த பிறகு வாய்ப்பிடியை சைக்கிள் ரியூப்பால் தலையோடு கட்டிக்கொண்டு இறங்கிப் பார்த்தார். பல் போன முரசால் கவ்வினார். ஓரத்தால் உப்புத் தண்ணீர் போனது. இருமிக்கொண்டு மேலே வந்தவர் கட்டை அவிழ்த்து வாய்ப்பிடியை என் மடியில் போட்டார். "உனக்குப் பல்லெல்லாம் இருக்குத்தானே" என்றார். மறுநாள் முதல் நான் இறங்கினேன். அவர் எஞ்சினடியில் இருந்தார்.

எங்கள் ஊர்ப் பக்கத்தில், வாய்ப்பிடியை இறங்குகிறவனிடம் கொடுக்குமுன் வள்ளத்தில் இருப்பவன் இரண்டு மூச்சு இழுத்துச் சிலிண்டர் காற்றைச் சோதித்துப் பார்ப்பான். எண்ணெய் மணம் இருந்தால் இறங்கக்கூடாது. அத்தானும் பார்ப்பார். ஒரு கையால் வாய்ப்பிடியை உதட்டோடு அழுத்திப் பிடித்துக்கொண்டு, கண்ணை மூடி இழுப்பார். இரண்டு மூச்சோடு நிற்க மாட்டார். நான் தண்ணீரில் வள்ளத்தைப் பிடித்தபடி காத்துக்கிடப்பேன். கேட்க மாட்டேன். அவராகத் துடைத்துத் தருவார்.

அவர் இறந்து சில வருடம் ஆகிவிட்டது. இப்போது வள்ளத்தில் இருப்பவன் சுறுசுறுப்பான ஆள். இரண்டு மூச்சு இழுத்து, "சரி அண்ணை" என்று உடனே நீட்டிவிடுவான். நான் வாங்கிக் கடித்துக்கொண்டு இறங்கிவிடுவேன்.