முதலாளி வெயிட்டிங் லிஸ்டில் இருந்த சனிக்கிழமை

1. சசிக்கு வந்த மெயில்

அந்தச் சனிக்கிழமை பகல் பன்னிரண்டு மணிக்கு எங்கள் கம்பெனி மெயில் பழைய சர்வரிலிருந்து புதிய சர்வருக்கு மாறியது. பன்னிரண்டரைக்கு டிரைவர் சசிக்கு ஒரு மெயில் வந்தது. அனுப்பியவர் கோடவுன் சூப்பர்வைசர். "சசி, வண்டி எவிடெ?" என்று ஒரே வரி, வண்டி எங்கே என்று மலையாளத்தில். சசி அதைப் படித்துவிட்டு ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்து, "இவிடெ உண்டு சாரே" என்று கத்தினார்.

அதோடு ஆபீசுக்கே பைத்தியம் பிடித்துவிட்டது. பக்கத்துப் பக்கத்து நாற்காலியில் இருப்பவர்கள் ஒருவருக்கொருவர் மெயில் அனுப்பிக்கொண்டார்கள். ஒருவர் அனுப்பிவிட்டு எழுந்து ஓடிப்போய் அடுத்தவர் கம்ப்யூட்டரில் அது வந்து விழுவதைப் பார்ப்பார். டீக்கு எத்தனை பேர் என்பதைக்கூட மெயிலில்தான் கேட்டார்கள். டீ ஆறிப்போய் வந்தது, யாரும் குறை சொல்லவில்லை.

எனக்குத் தரையில் கால் பாவவில்லை. ஏனென்றால் இந்த மாற்றத்துக்கான பிளானைப் போட்டது நான்.

2. நான் எப்படி இதில் வந்தேன்

எங்கள் கம்பெனி மலையாளம் பேசுகிற ஊரில், ஆரியசாலைக் கடைவீதியில், சுக்கு, மிளகு மொத்த வியாபாரம். தூத்துக்குடியில் ஒரு பிராஞ்ச். நான் எஸ்.எஸ்.எல்.சி.யும் டைப்பிங்கும் முடித்து டெஸ்பாட்ச் செக்ஷனில் சேர்ந்தவள். ஊர் நாகர்கோவில் பக்கம், வீடு கரமனையில். ஆளைப் பார்த்துப் பேசுவது எனக்கு அன்றும் வராது, இன்றும் கஷ்டம்தான். சொல்ல வேண்டியதைத் துண்டுச்சீட்டில் எழுதி மேஜையில் வைத்துவிட்டு வந்துவிடுவேன்.

பழைய சர்வர் என்பது மாடிப்படிக்குக் கீழே இருந்த ஒரு கம்ப்யூட்டர். மோடம் ஒரு நாளைக்கு மூன்று தடவை டயல் பண்ணி மெயிலை இறக்கும். பாதிப் பேருக்கு அதைத் திறக்கத் தெரியாது. நான் பிரின்ட் எடுத்து அவரவர் பேடில் வைப்பேன். அதனால் யாருக்கு எந்த ஊரிலிருந்து என்ன வரும், எது ஒரு மணி நேரம் தாமதித்தால் கப்பல் போய்விடும், எது ஒரு வாரம் கிடந்தாலும் ஒன்றும் ஆகாது என்பதெல்லாம் எனக்கு மனப்பாடம்.

இரண்டாயிரத்துக்கு அப்புறம் இரண்டு மூன்று வருஷத்தில் பெரிய லைன் எடுத்து, புதிய சர்வர் வாங்கினார்கள். அதைப் போட்டுக்கொடுக்க வெளிக் கம்பெனியிலிருந்து பிரதீஷ் என்கிற எஞ்சினியர் வந்தார். கண்ணூர்க்காரர். தமிழ் அரைகுறையாகத்தான் வரும். முதலாளி திருநெல்வேலிக்காரர். அவர் என்னைக் கூப்பிட்டுச் சொன்னார்: "ஏம்மா லலிதா, மெஷின அந்தத் தம்பி பாத்துக்கிடுவாப்ல. யாருக்கு எந்தக் கடுதாசி முக்கியம்னு அவருக்கு எப்படித் தெரியும்? நீ ஒரு லிஸ்ட் போட்டுக் குடு. அதும்படி மாத்தட்டும்."

பதினொரு நாள் அந்த லிஸ்டோடு வாழ்ந்தேன். பஸ்ஸில் லிஸ்ட், சோறு வடிக்கும்போது லிஸ்ட். மெயில் பெட்டிகள் மொத்தம் நாற்பத்தொன்று. வீட்டில் சார்ட் பேப்பர் ஒட்டி, கலர் பென்சிலால் கோடு போட்டுப் பார்த்தேன். என் வீட்டுக்காரர், "நம்ம கல்யாணத்துக்குக்கூட நீ இவ்வளவு யோசிக்கலியே" என்றார்.

லிஸ்டில் ஆளின் பெயர் கிடையாது, மெயில் ஐடி மட்டும். கடைசியில் ரிமார்க்ஸ் என்று ஒரு கட்டம். அதில் மூன்று விதமாக எழுதினேன். இருபத்தொன்பது பேருக்கு 'சாதா'. வருஷத்துக்கு ஒரு மெயில்கூட வராத ஒன்பது பேருக்கு 'பின்னே', அதாவது பிறகு செய்தால் போதும். மூன்றே மூன்று பேருக்கு 'அவசரம்': முதலாளி, எக்ஸ்போர்ட் பார்க்கும் மேரி மேடம், தூத்துக்குடி மேனேஜர். பிரதீஷ் படிக்க வேண்டுமே என்று எல்லாவற்றையும் இங்கிலீஷ் எழுத்தில் எழுதினேன்.

அர்ஜென்ட் என்று ஏன் எழுதவில்லை என்று கேட்பீர்கள். எங்கள் ஆபீசில் அர்ஜென்ட் சீல் குத்தாத காகிதமே கிடையாது. கக்கூஸ் குழாய் ரிப்பேர் லெட்டரில்கூட அந்தச் சீல் இருக்கும். அதை யாரும் கண்ணெடுத்துப் பார்ப்பதில்லை. இந்த மூன்றும் தனியாகத் தெரியட்டும் என்று நினைத்தேன்.

லிஸ்டை பிரதீஷின் கீபோர்டு மேல் வைத்தேன். மறுநாள் என் மேஜைக்குத் திரும்பி வந்தது. மேலே 'ஓகே' என்று எழுதியிருந்தார். ஒரே ரூமில், இரண்டு நாற்காலி தள்ளித்தான் அவர் உட்கார்ந்திருந்தார்.

3. மேரி மேடத்தின் போன்

இரண்டு மணிக்கு மேரி மேடம் தூத்துக்குடியிலிருந்து போன் பண்ணினார். துபாய் பார்ட்டி ஒன்றை இரண்டு வருஷமாக விடாமல் பிடித்துவைத்திருந்தார். முதல் கன்டெய்னர் சுக்கு ரெடி. சாம்பிள் ஓகே என்று துபாயிலிருந்து ஒரு மெயில் வந்தால் போதும், அதன் பிரின்டைக் கொடுத்து ஏற்றிவிடலாம். ஐந்து மணிக்குள் கொடுக்காவிட்டால் கப்பலில் இடம் வேறு ஆளுக்குப் போய்விடும். தவணை தவறினால் பார்ட்டியும் போய்விடும்.

"லலிதா, என் மெயில் திறக்கவே மாட்டேங்குது. பாஸ்வேர்டு தப்புன்னு சொல்லுது. அங்க ஏதாவது வந்திருக்கா பாரு."

நான் பார்த்தேன். புதிய சர்வரில் மேரி மேடம் பெயரில் பெட்டியே இல்லை. சசிக்கு இருக்கிறது. மேரி மேடத்துக்கு இல்லை.

பதினொரு நாளில் முதல் தடவையாக பிரதீஷிடம் வாய் திறந்தேன். "இந்த மூணும் ஏன் போடல?"

அவர் சந்தோஷமாகத் திரும்பினார். "அதோ? சேச்சி தன்னே எழுதியிருக்கில்லே, அவசரம்னு. லைசென்ஸ் நாற்பதுதான். சாதா இருபத்தொன்பது, பின்னே ஒன்பது, முப்பத்தெட்டு ஆயி. பாக்கி ரெண்டு சீட். மூணு பேர்ல ஆருக்கு அவசரம் கொடுக்கணும்னு திங்களாழ்ச்ச முதலாளிகிட்ட கேட்காம்னு கருதி."

எனக்கு ஒன்றும் புரியவில்லை. "அவசரம்னா அவசரம்தானே. சீக்கிரம். முதல்ல."

"அல்ல சேச்சி. அவசரம்னா சான்ஸ்."

மலையாளத்தில் அவசரம் என்றால் வாய்ப்பு. இத்தனை வருஷம் இந்த ஊரில் இருந்தும், எழுதும்போது எனக்கு அது தோன்றவில்லை. நான் முதலில் ஏற்றச் சொன்ன மூன்று பேரை, இடம் இருந்தால் சான்ஸ் கொடுங்கள் என்று சிபாரிசு செய்ததாக அவர் எடுத்துக்கொண்டிருக்கிறார்.

"லிஸ்ட்ல இந்த எம்.பி.பி.ங்கிற ஐடி ஆரா?" என்று மெதுவாகக் கேட்டார்.

"முதலாளி."

பிரதீஷ் தலையில் கை வைத்தார். எனக்கு அடிவயிற்றிலிருந்து சிரிப்பு வந்தது. பயத்தில் வருகிற சிரிப்பு, அடக்கவும் முடியவில்லை. அவரும் சிரித்தார். சிரித்துக்கொண்டே படபடவென்று தட்ட ஆரம்பித்தார். 'பின்னே' ஆட்களில் ஒருவரைத் தள்ளிவைத்து, பத்து நிமிஷத்தில் மூன்று பெட்டிகளும் தயார்.

அப்புறம் வந்துபோன மெயில்களின் பதிவை, லாக்கை, திறந்து காட்டினார். சிரிப்பு நின்றுவிட்டது. ஒன்று பத்துக்கு துபாயிலிருந்து மேரி மேடத்துக்கு மெயில் வந்திருக்கிறது. அப்படி ஒரு ஆள் இல்லை என்று எங்கள் சர்வர் திருப்பி அனுப்பியிருக்கிறது. ஒன்று பதினைந்துக்கு அதே மெயில் முதலாளிக்கு. அதற்கும் அதே பதில்.

"தானா மறுபடி வராதா?" என்றேன்.

"வராது. சர்வர் பிசின்னு சொல்லியிருந்தா பின்னெயும் ட்ரை பண்ணும். நம்ம சர்வர் ஆளே இல்லைன்னு சொல்லிப்போச்சு. அவங்க தன்னே அனுப்பணும்."

4. ஐ.எஸ்.டி.

வெளிநாட்டுக்குப் பேசும் போன் முதலாளி ரூமில் மட்டும்தான். ஆங்கிலம் பேசுகிற எங்கள் ஆபீஸ் மேனேஜர் அன்று லீவு. மேரி மேடத்தைப் பேசச் சொல்லலாம் என்றால், அவர் துறைமுகத்துக்குள் போய்விட்டார், செல்போன் எடுக்கவில்லை. மணி இரண்டரை. கதவுக்கு வெளியே நின்று, சொல்ல வேண்டியதை ஒரு சீட்டில் எழுதினேன். அந்தச் சீட்டை துபாய்க்கு நீட்ட முடியாது என்பது அப்புறம்தான் உறைத்தது.

உள்ளே போய், துபாய்க்கு ஒரு போன் பண்ணணும் என்றேன். முதலாளி கண்ணாடியை இறக்கிப் பார்த்தார். "யாரு, நீயா? பண்ணு பண்ணு."

அந்தப் பக்கம் எடுத்தவர் ஹம்சா. கோழிக்கோட்டுக்காரர். கோபத்தில் இருந்தார்.

"மேரி மேடம் எவிடெ போயி? மெயில் அனுப்பினா அங்ஙனெ ஒராள் இல்லைன்னு வருது. ஜோலி விட்டோ? முதலாளிக்கு அனுப்பினா முதலாளியும் இல்லைன்னு வருது. கம்பெனி பூட்டியோ?"

முதலாளி, "என்னம்மா சொல்லுதான்?" என்று கேட்டார்.

நான் ரிசீவரைக் கையால் மூடிக்கொண்டேன். "நீங்க இல்லைன்னு அவங்களுக்கு மெயில் போயிருக்கு முதலாளி."

"நான் இங்கனதான இருக்கேன்."

"அது சர்வருக்குத் தெரியல."

முதலாளி கண்ணாடியை மேலே ஏற்றிக்கொண்டார். "அப்ப சர்வர்ட்ட யாராவது சொல்லுங்கய்யா" என்றார்.

நான் ஹம்சாவிடம் நடந்ததை அப்படியே சொன்னேன். ஆபீஸ் மலையாளத்தில், தடுக்கித் தடுக்கி. அவசரம் என்ற இடத்துக்கு வந்ததும் அந்தப் பக்கம் ஒரு சிரிப்பு கேட்டது பாருங்கள், ரிசீவரைக் காதிலிருந்து தள்ளிப் பிடிக்க வேண்டியதாயிற்று. "அப்போ உங்க முதலாளி வெயிட்டிங் லிஸ்ட்ல," என்று சொல்லி மறுபடி சிரித்தார். "வேற பார்ட்டியை விளிக்கான் போனை எடுத்து வெச்சிருந்தேன். பத்து மினிட்ல அனுப்பாம்."

பத்து நிமிஷம் இருபது நிமிஷமாயிற்று. பிரதீஷின் திரையைச் சுற்றி ஆபீசே நின்றது. முதலாளியும் வந்து பின்னால் நின்றார். மூன்று பத்துக்கு மேரி மேடத்தின் பெட்டியில் ஒரு வரி வந்து உட்கார்ந்தது. சாம்பிள் ஓகே. தூத்துக்குடி மேனேஜர் பெட்டிக்கு அதை அனுப்பி, போனில் சொன்னோம். நாலே காலுக்கு மேரி மேடம் கூப்பிட்டார். பின்னால் கிரேன் சத்தம்.

"ஏத்தியாச்சு லலிதா," என்றார். "ஆமா, ஹம்சா எனக்கு போன் பண்ணி சிரிச்சுக்கிட்டே இருக்கார். என்னத்த சொன்ன அவர்ட்ட?"

5. திங்கட்கிழமை வாசித்தது

சாயங்காலம் முதலாளி எங்கள் இருவரையும் கூப்பிட்டார். "யாரு மேல தப்பு?"

பிரதீஷ் தன் மேல் என்றார். நான் என் மேல் என்றேன்.

"லிஸ்டக் குடுத்தப்போ என்ன பேசிக்கிட்டிய?"

"பேசல முதலாளி," என்றேன். "மேஜையில வெச்சேன்."

"பதினோரு நாளு ஒரே ரூம்பு. ஒரு வார்த்தை பேசல."

அவர் திட்டவில்லை. "திங்கக்கிழமை எல்லாரையும் நிறுத்திவெச்சு அந்த லிஸ்ட வாயால வாசி. எனக்கும் கேக்கணும்" என்றார்.

திங்கட்கிழமை வாசித்தேன். முதல் நாலு வரிக்குக் குரலே எழும்பவில்லை. "சேச்சி, கொஞ்சம் உறக்கெ" என்று பிரதீஷ் சொன்னார். மலையாளத்தில் அதற்குச் சத்தமாக என்று அர்த்தம். எனக்குத் தூக்கம்தான் ஞாபகம் வந்தது. சிரித்துவிட்டேன், அதற்கப்புறம் குரல் தானாக வந்தது. ஏழாவது வரியில் சூப்பர்வைசர், அந்த ஐடி தன்னுடையது இல்லை, இதே கம்பெனியில் இருக்கும் தன் அண்ணனுடையது என்றார். பதினெட்டாவது வரி ஆள் ரிட்டயர் ஆகி வீட்டில் இருந்தார்.

அதற்குப் பிறகு இரண்டு தடவை சர்வர் மாற்றிவிட்டோம். இப்போது பிளானை அழகான கட்டங்களோடு கம்ப்யூட்டரே போட்டுக் கொடுக்கிறது. புதிதாக இந்த வேலைக்கு வருகிறவர்களுக்கு நான் சொல்வது ஒன்றுதான். அதை அனுப்பிவிட்டு ஓகே வாங்கி வைத்துக்கொள்ளாதீர்கள். செய்யப்போகிற ஆளை எதிரே உட்காரவைத்து, ஒவ்வொரு வரியாக வாயால் வாசியுங்கள். கூச்சமாகத்தான் இருக்கும், எனக்கு இன்றும் அப்படித்தான். பத்து வரிக்குள் யாராவது, "இருங்க, அது என்ன?" என்பார்கள். யாருமே அப்படிக் கேட்கவில்லை என்றால் நான் மேலிருந்து ஆரம்பித்து இன்னொரு தடவை, இன்னும் மெதுவாக வாசிப்பேன்.