சாக மறுத்த சேற்றுப் பூதம்

என் மச்சான் கற்பிட்டியில் போன் திருத்தும் கடை வைத்திருக்கிறான். போன வருடம் அவனுக்குப் பேய்ப்படம் எடுக்கும் ஆசை பிடித்தது. கண்டல் காட்டுச் சேற்றிலிருந்து ஒரு பூதம் எழும்பி ஊரை மிரட்டும். கடைசியில் கதாநாயகி துடுப்பால் அடிக்க, செத்துக் களப்புத் தண்ணீருக்குள் மூழ்கிவிடும். அவ்வளவுதான் கதை. கமெரா அவனுடைய போன். குடும்பத்தில் உயரமான ஆள் என்பதால் நான் பூதம். வேறு யாரும் சம்மதிக்காததால் என் மனைவி கதாநாயகி.

பூதத்தின் உடம்பையும் மச்சானே செய்தான். மீன் பெட்டி செய்யும் லேசான வெள்ளை றெஜிபோமை வெட்டி என் நெஞ்சிலும் முதுகிலும் கட்டி, பழைய வலையைச் சுற்றி, அதன்மேல் தேங்காய்த் தும்பும் பாசியும் ஒட்டினான். முகத்துக்குப் பெரிய பற்கள் வைத்த ஒரு முகமூடி. குறிஞ்சிப்பிட்டிப் பக்கம் கரையில் நின்றபோது போகிறவர்கள் விலகித்தான் போனார்கள். ஓர் ஆடு மட்டும் வந்து என் தோளிலிருந்த பாசியைத் தின்றது.

முடிவுக் காட்சிக்கு இடுப்பளவு தண்ணீரில் இறங்கினோம். மனைவி துடுப்பை ஓங்கி என் தலையில் போட்டாள். நடிப்பு என்று சொல்ல முடியாத அடி. அலறிக்கொண்டு மல்லாக்க விழுந்தேன். ஆனால் மூழ்கவில்லை. றெஜிபோம் என்னைத் தக்கை மாதிரி மிதக்க வைத்தது.

"தாழுங்க மச்சான், தாழுங்க!" என்று அவன் கரையிலிருந்து கத்தினான்.

"ஏலாதுடா!"

"இன்னொருக்கா அடிக்கவா?" என்று மனைவி ஆவலோடு கேட்டாள்.

அடித்தாள். அந்த வேகத்தில் நான் ஆழமான பக்கம் போய்விட்டேன். நிமிரவும் முடியவில்லை, புரளவும் முடியவில்லை. நீரோட்டம் இழுக்க இழுக்கப் போனேன். அப்போது உச்சமுனைப் பக்கமிருந்து ஒரு தோணி வந்தது. அதிலிருந்தவர் என்னைக் கண்டதும், "யா அல்லாஹ்!" என்று எழும்பி நின்றுவிட்டார்.

"நானா, கொஞ்சம் தூக்கி விடுங்க," என்று சொந்த அண்ணனைக் கூப்பிடுவதுபோல் கூப்பிட்டேன்.

அவர் என்னை வலையோடு பிடித்து இழுத்துத் தோணியில் போட்டார். பிளாஸ்கிலிருந்து பிளேன்டீ ஊற்றித் தந்தார். பூதத்தின் பற்களுக்கு நடுவே கோப்பையை நுழைத்துக் குடித்தேன்.

"பயமில்லையா நானா?"

"பயந்தான். ஆனா நானா எண்டு கூப்பிட்டுட்டீங்களே, எப்பிடி உட்டுட்டுப் போற?"

களப்பில் தான் போட்டிருந்த மீன் வலையை எடுத்த பிறகுதான் கரைக்குப் போக முடியும் என்றார். சரி என்று நானும் அவரோடு சேர்ந்து வலை இழுத்தேன். மச்சான் கரையோரமாகவே ஓடிவந்து இதையெல்லாம் விடாமல் படம் பிடித்துக்கொண்டிருந்தான். அதையே படத்தின் முடிவாகவும் வைத்துவிட்டான்.

கல்யாண மண்டபமொன்றில் சொந்தக்காரர்களுக்குப் படத்தைப் போட்டோம். பயமுறுத்தும் இடங்களிலெல்லாம் சிரித்தவர்கள், பூதம் தேத்தண்ணி குடித்தபோது சிரிப்பை விட்டு முன்னால் சாய்ந்து பார்த்தார்கள். ஒரு மாமி கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அப்ப பூதம் மீன் தொழிலுக்குப் போயிட்டுதா?" என்று கேட்டார்.

"ஓம் மாமி. கதையே அதுதான்," என்றான் மச்சான், முகத்தில் ஒரு சின்ன வெட்கம்கூட இல்லாமல்.