படி இல்லாத மலை

பழனிச்சாமி டேரலுக்கு ஆயிரத்து எண்ணூறு ரியால் கடன்பட்டிருந்தார். பன்னிரண்டு வருஷத்துக்கு முன் சவூதியில், ஜுபைல் கேம்ப்பில் மூன்று மாதம் சம்பளம் வரவில்லை. ஊரில் மகளுக்குக் காலேஜ் ஃபீஸ் கட்ட வேண்டும். கேட்காமலே எடுத்துக் கொடுத்தவர் டேரல். ஆஸ்திரேலியப் பூர்வகுடி, கிரேன்களைச் சோதித்துச் சான்று தருபவர். திருப்பிக் கொடுப்பதற்குள் கான்ட்ராக்ட் முடிந்து ஊர் போய்விட்டார்.

இப்போது டேரல் இரண்டு மாத வேலைக்கு மறுபடி வந்திருந்தார். அன்றைய ஹெல்ப்பர் பழனிச்சாமியிடம் இன்று சொந்தமாக ஆறு கிரேன். ஐந்தாம் வகுப்பைத் தாண்டாதவர்தான். ஆனாலும் படித்த இன்ஜினியர்கள் அவர் போன் எடுப்பாரா என்று காத்துக் கிடக்கிறார்கள். அப்பேர்ப்பட்டவர் வெறும் ஆயிரத்து எண்ணூறை நீட்டினால் நன்றாகவா இருக்கும்?

டேரலின் கேபின் சுவரில் ஒரு படம். சின்ன மலை, உச்சியில் பள்ளம். ஒரு காலத்தில் நெருப்புக் கக்கிய வாய் அது என்றார் டேரல். அது எரிந்ததை அவருடைய முன்னோர்கள் கண்ணால் பார்த்தார்களாம். இன்னும் வாய்வழியாகச் சொல்லி வருகிறார்களாம். அவர்களுக்கு அது கல்குவியல் இல்லை, வீட்டுக்குப் பெரியவர்.

ஒட்டன்சத்திரத்துக்காரரான பழனிச்சாமிக்கு ஆவல் தாங்கவில்லை. உச்சியில் என்ன சாமி, எந்த மாதம் திருவிழா, எத்தனை படி என்று டீ நேரமெல்லாம் குடைந்தார். பதில் வரும் முன்பே முடிவும் எடுத்துவிட்டார். டேரல் கிளம்புவதற்கு முந்தின நாள், பதினெட்டாயிரம் ரியாலை ஒரு கவரில் போட்டுக்கொண்டு போய் நின்றார்.

"உங்க மலைக்குப் படி கட்டுங்க, டேரல் பாய். முதல் படியில என் பேரு. உபயம் பழனிச்சாமி."

டேரல் கவரைத் தொடவில்லை. அவருக்கும் தெரிந்தது அரபி கலந்த சைட் பாஷைதான்; அதில் 'மாஃபி' என்றால் இல்லை.

"கோயில் மாஃபி, பாய். படி மாஃபி. மேல போறது மாஃபி. பெரியவர் தலையில யாராவது ஏறுவாங்களா?"

பழனிச்சாமிக்கு முகம் சுண்டிவிட்டது. அவர் பணத்தை வேண்டாம் என்றவர் இதுவரை கிடையாது. எழுந்து வாசல் வரை போனார். பழனி மலையை எத்தனை தடவை ஏறியிருப்பார்! ஏறாமல் ஒரு மலையைக் கும்பிட முடியுமா? கோபத்தை ஆவல் இழுத்துப் பிடித்தது. திரும்பி வந்தார்.

"அப்போ அங்க போய் என்னதான் பண்ணுவீங்க?"

கிட்டே போகும் முன் நின்று, இன்னார் வந்திருக்கிறேன், இன்னாருடைய பிள்ளை என்று மலையிடம் உரக்கச் சொல்வார்களாம். கூட வராதவர்களுக்காகவும் சொல்லலாமாம்.

"எனக்காகச் சொல்லுவீங்களா?"

"சொல்றேன். யாரோட பிள்ளைன்னு சொல்ல?"

ஆறு கிரேனும் நாக்கு நுனி வரை வந்தன. பழனிச்சாமி அவற்றை விழுங்கிக்கொண்டார்.

"வீரம்மாள் மகன்."

டேரல் அந்தப் பெயரை இரண்டு தடவை சொல்லிப் பார்த்தார். பிறகு கையை நீட்டி, "நான் குடுத்தது மட்டும் போதும்" என்றார்.

பழனிச்சாமி கவரைப் பிரித்து, நூறு ரியால் நோட்டாகப் பதினெட்டை, ஒன்று, இரண்டு என்று வாய்விட்டு எண்ணி அந்த விரிந்த உள்ளங்கையில் வைத்தார்.