தங்கராசுவைப் பெயர் சொல்லிக் கூப்பிட்ட ஞாயிறு

காலை 6.40, மேட்டுப்பாளையம் பஸ் நிலையம். மலை ரயிலுக்கு டிக்கெட் எப்போதோ தீர்ந்துவிட்டது என்று கவுண்டரில் கைவிரித்துவிட்டார்கள். அதற்கு நான்தான் காரணம் என்பது போல என் மகள் யாழினி முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு வந்தாள். பத்து வயதுதான், ஆனால் கோபம் வந்தால் லேசில் இறங்காது. குன்னூருக்கு முப்பத்துநாலு கிலோமீட்டர். எனக்கு நாற்பத்தெட்டு ரூபாய், அவளுக்கு அரை டிக்கெட் இருபத்துநாலு. பர்லியாறில் பஸ் நின்றபோது எண்பது ரூபாய்க்குக் கால் கிலோ மங்குஸ்தான் பழம் வாங்கிக் கொடுத்தேன். மூன்றாவது பழத்தில் பேச ஆரம்பித்தாள்.

நாங்கள் போவது குன்னூருக்கும் அருவங்காட்டுக்கும் நடுவில் இருக்கும் ஒரு சின்ன ராணுவ அருங்காட்சியகத்துக்கு. ஓய்வுபெற்ற பட்டாளத்துக்காரர்கள் சிலர் பழைய பங்களா ஒன்றில் நடத்துகிறார்கள். வருஷத்தில் ஒரு ஞாயிறு போர் நினைவு நாள். ‘குடும்பத்தோடு வாருங்கள்’ என்று நோட்டீஸில் போட்டிருந்தது. போரில் குடும்பத்தோடு பார்க்க என்ன இருக்கிறது என்று எனக்குள் முனகிக்கொண்டேதான் கிளம்பினேன். யாழினியின் பள்ளியில் இதைப் பற்றி இரண்டு பக்கம் எழுதி வரச் சொல்லியிருந்தார்கள், அதனால் தப்ப வழியில்லை.

8.30, குன்னூர். மழை வருகிற மாதிரி போக்குக் காட்டிக்கொண்டிருந்தது. ஆட்டோவுக்கு நூற்றிருபது ரூபாய்.

“ஏனுங்க, குழந்தையக் கூட்டிட்டு சிம்ஸ் பார்க்குக்குப் போகாம அங்கெ போறீங்க?” என்றார் டிரைவர்.

“அங்கே நல்லா இருக்காதா?”

“நல்லாத்தானுங்க இருக்கும். போன வருசம் எம் பொண்ணக் கூட்டிட்டுப் போனேன். ஊட்டுக்கு வந்து ஒரு வாரம் லெப்ட் ரைட் போட்டு எங்க உசுரை எடுத்துட்டா.”

9.10. நுழைவுக் கட்டணம் பெரியவர்களுக்கு முப்பது ரூபாய், குழந்தைகளுக்கு இலவசம். வாசலில் வரவேற்றவர் ஒரு ஓய்வுபெற்ற ஹவில்தார். அறுபத்தைந்து வயதிருக்கும், முதுகு மட்டும் இருபதிலேயே நின்றுவிட்டிருந்தது. அவரை எல்லோரும் ஹவில்தார் என்றே கூப்பிட்டார்கள்.

குழந்தைகளை அவர்கள் சும்மா விடவில்லை. ஒரு மேசையில் கம்பளி, தண்ணீர்ப் பாட்டில், சாப்பாட்டுத் தட்டு, பூட்ஸ் எல்லாம் பரப்பி, மூன்று நிமிடத்தில் அத்தனையும் ஒரு முதுகுப்பையில் அடைக்க வேண்டும் என்றார்கள். யாழினி எல்லாவற்றையும் அடைத்துவிட்டு, பையைத் தூக்க முடியாமல் பின்னால் சாய்ந்து உட்கார்ந்துவிட்டாள். இன்னொரு அறையில், எதிரி விமானத்துக்கு வெளிச்சம் தெரியாமலிருக்க ஜன்னலில் கருப்புத் தாள் ஒட்டும் போட்டி. பிறகு பட்டாளத்து ரொட்டியும் சக்கர்பாரா என்ற மைதா இனிப்பும் தின்னக் கொடுத்தார்கள். போரைத் திருவிழா ஆக்கிவிட்டார்களே என்று எனக்கு எரிச்சலாகவும் இருந்தது. அந்த எரிச்சலோடே இரண்டு சக்கர்பாராவை நானும் வாயில் போட்டுக்கொண்டேன் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

11.30. பங்களாவுக்குப் பின்னால் ஒரு பெரிய மரம், அதன் கீழே ஒரு மேசை. போரில் இறந்த உறவினரின் பெயரை ஒரு அட்டையில் எழுதிக் கொடுத்தால், பன்னிரண்டரைக்கு ஹவில்தார் ஒவ்வொரு பெயராகக் கூப்பிடுவார். இறந்தவரின் குடும்பத்தார் எழுந்து நின்று அவருக்காக “ஆஜர்” என்று சொல்வார்கள். பிறகு அட்டையை மரத்தில் கட்டுவார்கள். அட்டையில் அச்சடித்திருந்தது: பெயர், பதவி, படைப்பிரிவு, இறந்த நாள்.

எங்கள் குடும்பத்தில் அப்படி யாரும் இல்லை என்பதால் ஓரமாக பெஞ்சில் உட்கார்ந்தேன். பக்கத்தில் ஒரு அம்மா மடித்த நோட்டீஸைக் கையில் வைத்தபடி இருந்தார். பெயர் பாக்கியம். கோத்தகிரிப் பக்கம் ஒரு எஸ்டேட்டில் கொழுந்து பறித்து ஓய்வுபெற்றவர். காலையில் இரண்டு பஸ் மாறி வந்திருக்கிறார்.

“தம்பி, எழுதுற பழக்கம் விட்டுப்போச்சு. இதுல பேரு ஒண்ணு எழுதித் தாறீங்களா?” என்று அட்டையை நீட்டினார்.

பெயர் தங்கராசு. அவருடைய தம்பி. பதவி என்ன என்று கேட்டேன்.

“லொறி ஓட்டினான். கிளிநொச்சியில.”

நான் அட்டையிலிருந்து பேனாவை எடுத்துவிட்டேன். பாக்கியம் சிலோனில் பிறந்தவர். அங்கே தேயிலைத் தோட்டத்தில் இருந்த குடும்பங்களை, ஒப்பந்தப்படி இந்தியாவுக்கு ஒரு பகுதி, இலங்கைக்கு ஒரு பகுதி என்று பிரித்தார்கள் அல்லவா, அப்போது வந்தவர்.

“அத்தைக்குப் புள்ளை இல்லைன்னு தம்பியை அவங்க வளத்தாங்க. அவன் பேரு அவங்க குடும்பக் கார்டுல இருந்திச்சு. எங்க கார்டு இந்தியாவுக்குன்னு வந்திச்சு, அவங்க கார்டு அங்கயே நின்னிருச்சு. ஒரே லயம், அடுத்தடுத்த காம்பரா.” லயம் என்றால் தோட்டத்து வரிசை வீடு, காம்பரா அதில் ஓர் அறை. பிறகு கலவரம் வந்து, அத்தை குடும்பம் வன்னிக்கு இடம் பெயர்ந்து, கடைசிச் சண்டையோடு தங்கராசுவைப் பற்றிய தகவல் நின்றுபோயிருக்கிறது.

அதற்குள் ஹவில்தார் வந்தார். விஷயத்தைச் சொன்னேன். அவர் தயங்கினார்.

“அம்மா, இது பட்டாளத்துல இருந்தவங்களுக்குங்க.”

“நோட்டீசுல போர்ல செத்தவங்கன்னுதான் சார் போட்டிருக்கு. பட்டாளம்னு போடலியே.”

ஹவில்தார் நோட்டீஸை வாங்கி இரண்டு தடவை படித்தார். நானும் எட்டிப் பார்த்தேன். அந்த அம்மா சொன்னதுதான் சரி. இத்தனை பேர் படித்த நோட்டீஸை அவர் ஒருவர்தான் உள்ளபடியே படித்திருக்கிறார்.

“சரிங்கம்மா, எழுதிக்கலாம். எறந்த தேதி சொல்லுங்க.”

“தேதி தெரியாது சார்.”

“பாத்தவங்க யாராச்சும்?”

“யாரும் இல்ல. அவன் பொஞ்சாதி அங்க இன்னும் அவன் எங்கன்னு கேட்டுப் படத்தை வச்சுக்கிட்டு ரோட்டுல நிக்கிறா. நான் அவன் படத்துக்கு மாலை போட்டதில்ல. போடவும் முடியல, போடாம இருக்கவும் முடியல. இன்னைக்கு எழுதிக் கட்டிட்டா ஒரு முடிவாப் போயிரும்னுதான் சார் வந்தேன்.”

கட்டிவிடுங்கள், அந்த அம்மா நிம்மதியாக வீட்டுக்குப் போகட்டும் என்று ஹவில்தாரிடம் கத்த வேண்டும் போலிருந்தது. அவர் அவசரப்படவில்லை. பாக்கியத்துக்கு எதிரே மண்ணிலேயே குந்தி உட்கார்ந்தார்.

“எங்களுக்குள்ள ஒரு வழக்கம் வெச்சிருக்கோமுங்க. ஒருத்தர் எறந்ததுக்குச் சாட்சி இல்லாட்டி, எறந்தார்னு எழுத மாட்டோம். காணவில்லைன்னுதான் எழுதுவோம். பேரு கூப்பிடுவேன். ஆனா அவருக்காக வேற யாரும் ஆஜர் சொல்லக்கூடாதுங்க. அவரே சொல்றதுக்கு நேரம் குடுத்துக் காத்திருப்போம். சம்மதமுங்களா?”

முடிவு தேடி வந்தவரிடம் முடிவு இல்லை என்கிறார்கள். கடைசியில் பாக்கியம், “சரி சார்” என்றார். ‘இறந்த நாள்’ என்பதை அடித்துவிட்டு ‘காணவில்லை’ என்று எழுதினேன். பதவி என்ற இடம் காலியாக இருந்தது. “தம்பின்னு போடுங்க” என்றார் ஹவில்தார்.

12.30. மரத்தைச் சுற்றி நூறு பேர் இருப்போம். இருபதுக்கும் மேற்பட்ட பெயர்கள். ஒவ்வொன்றுக்கும் ஒரு தாய், ஒரு மகன், ஒரு பேத்தி எழுந்து “ஆஜர்” என்றார்கள். கடைசி அட்டை.

“தம்பி தங்கராசு!”

யாரும் வாய் திறக்கவில்லை. யாழினி என் விரலைப் பிடித்துக்கொண்டாள். சாலையில் ஒரு லாரி கியர் மாற்றிக்கொண்டு ஏறுவது கேட்டது. பாக்கியம் சட்டென்று திரும்பி வாசலைப் பார்த்தார். அவர் பார்க்கவே நாங்கள் எல்லோரும் பார்த்தோம். ஒரு நிமிடம் முழுதாகக் காத்திருந்தோம்.

அந்த அட்டையை மட்டும் ஹவில்தார் மரத்தில் கட்டவில்லை. “பெட்டியில வெச்சிருக்கறேனுங்க. அடுத்த வருசமும் கூப்பிடோணும்” என்றார்.

மதியம் 2.15. குன்னூர் வரை பாக்கியமும் எங்களோடு ஒரே பஸ்ஸில் வந்தார். யாழினி அந்த இரண்டு பக்கத்தில் ஒரு வரிகூட எழுதவில்லை. எனக்கோ ஹவில்தார் மேல் ஒரு குறை. இந்த வயதில் அந்த அம்மாவை மறுபடி காத்திருக்க வைத்துவிட்டாரே, இது நல்லதா, கொடுமையா என்று மனசுக்குள் வாதாடிக்கொண்டே வந்தேன். இறங்கும்போது தாங்காமல் கேட்டுவிட்டேன்.

“ஏம்மா, உங்களுக்கு வருத்தம் இல்லையா?”

பாக்கியம் சிரித்தார். கண் மட்டும் சிரிக்கவில்லை.

“சின்ன வயசுல பொழுது போனாலும் அவன் வெளையாட்டை விட்டு வரமாட்டான் தம்பி. எங்கப்பா லயத்து வாசல்ல நின்னு இப்பிடித்தான் சத்தம் போட்டுக் கூப்பிடுவாரு. அதுக்கப்புறம் அவன் பேரை அப்பிடி யாரும் கூப்பிட்டதில்ல. வந்திருவான்னு திரும்பிப் பாத்துட்டேன்.”