செங்காவியில் ஒற்றிய பெரணி

எதிர்வீட்டில் சுண்ணாம்பு அடிக்கிறார்கள். அந்த ஈர வாசனை எனக்கு ஆகாது. அப்பா மேல் கோபம் வரும், செல்லம் அக்கா நினைப்பு வரும்.

வெள்ளைக்காரன் காலம். அக்காவைப் பெண் பார்க்க வருகிறார்கள் என்று எங்கள் மேலகரத்து வீட்டுக்கு வெள்ளையடித்திருந்தோம். அவள் கூடத்துச் சுவரில் ஆணியும் கயிறுமாக ஒரு வட்டம் இழுத்தாள். அதே கயிற்றளவால் வட்டத்தை ஆறாகப் பிரித்தாள். குற்றாலத்துப் பாறையில் பறித்த பெரணி இலையைச் செங்காவியில் தோய்த்து ஒவ்வொரு பாகத்திலும் ஒற்றினாள். சுவரிலேயே செடி முளைத்த மாதிரி இருந்தது.

"யாருக்கா சொல்லித் தந்தா?"

"பெரணி எப்படி விரியுதுன்னு பாருலே. அதுவே சொல்லுது."

மறுநாள் மாப்பிள்ளையின் அம்மா, "நல்லாருக்கே, யாரு போட்டது?" என்று கேட்டாள்.

"வெள்ளையடிக்க வந்த பய கிறுக்கிட்டான். அழிச்சிருவோம்" என்றார் அப்பா. சுவரில் கிறுக்கும் பெண் வேண்டாம் என்று போய்விடுவார்களோ என்று அவருக்குப் பயம். காப்பித் தட்டோடு அக்கா அங்கேதான் நின்றாள்.

அவர்கள் போனதும் அவளே சுண்ணாம்பு கரைத்தாள். நான் வெள்ளையடிக்கிற மட்டையை அவள் கையிலிருந்து பிடுங்கினேன்.

"விடுலே. கிறுக்கல்தான."

வடகரைக்கு வாழ்க்கைப்பட்டுப் போனவள் அப்புறம் ஒரு கோடு போடவில்லை.

அந்தச் சுவரை ஒரு தரம் பார்த்தால் போதும் என்றிருக்கிறது. வீட்டை இடித்தாயிற்று. அக்கா இல்லை. சண்டை போட அப்பாவும் இல்லை.