கென்னாவின் திரி

பாரோ மன்னரின் கல்லறைக்குள் சூரியன் கிடையாது. உளி பிடிக்கும் எங்களுக்கு நேரம் என்றால் கென்னா கொடுக்கும் திரிதான். பழந்துணியைக் கிழித்து முறுக்கி, கொழுப்பும் உப்பும் பூசி, காலையில் ஆளுக்கு நான்கு எண்ணித் தருவார். நான்கும் தீர்ந்தால் உச்சிவேளை, வெளியே வந்து சாப்பிடலாம். இருபத்திரண்டு வருடம் அந்தக் கணக்கு பிசகியதில்லை. சும்மா இருக்கும்போதும் அவர் விரல்கள் தொடைமேல் எதையாவது முறுக்கிக்கொண்டிருக்கும். "தூங்குறப்ப என் தலைமுடியையும் திரிச்சிடுவாரு" என்பாள் அவர் மனைவி.

அன்று வலப்பக்க அணியில் நாங்கள் எட்டுப் பேர், புதிதாகத் திறந்த பக்க அறையைக் குடைந்தோம். நான்கு திரி தீர்ந்ததும் வெளியே வந்தால், சூரியன் மேற்கு மலையைத் தொட்டுக்கொண்டிருந்தது.

"வாங்க ராசாக்களா, உள்ள என்ன விருந்தா?" என்றான் இடப்பக்க அணிக்காரன் ஒருவன். அவர்கள் உச்சிக்கே சாப்பிட்டு, மறுபடி இறங்கி, வேலையையும் முடித்திருந்தார்கள். எங்களுக்கும் அவர்களுக்கும் ஒரே திரிக்கட்டிலிருந்து எடுத்த திரிகள்தான். எங்களுக்கு அப்போதுதான் லேசாகப் பசித்தது.

மேஸ்திரி அனாக்த் நேராகக் கென்னாவிடம் போனார்.

"தடியா முறுக்கிட்ட. திரி சரின்னு நாளைக்கு நிரூபி. இல்லன்னா நூறு அடி, அப்புறம் கல்லுடைக்கப் போற."

மறுநாள் காலை கென்னா ஒரே திரியை நறுக்கிச் சம அளவில் துண்டுகள் போட்டார். ஒன்றை வாசலில் அவர் மச்சான் நக்தி ஏற்றினான். இன்னொன்றோடும் நக்தியின் உளியோடும் அவர் உள்ளே கிளம்பினார்.

"உளிய அடிச்சுக்கிட்டே இரு. உயிரோட இருக்கியான்னு தெரியணும்" என்றார் மேஸ்திரி.

முதலில் அடி சரியாகத்தான் கேட்டது. அந்த அறைக்குள் நுழைந்திருப்பார், சத்தம் கனத்துவிட்டது. ஒரு அடி. நீண்ட இடைவெளி. அடுத்த அடி. நக்தியின் துண்டு தீர்ந்தது.

"மாமா! வந்துடுங்க மாமா!"

நக்தி அடுத்த துண்டை ஏற்றினான். அதுவும் அணைந்தபோதுதான் கென்னா வெளியே வந்தார். அவர் அகலில் திரி அப்போதுதான் கருகிப் புகைந்தது.

"ஏன் எலி மாதிரி கீச்சுன்னு கத்துனீங்க?" என்றார் எங்களைப் பார்த்து.



"உள்ள காத்து போதல. அதான் மெதுவா எரியுது" என்றார் மேஸ்திரி.

"காத்துக்கு என் உளியப் பிடிச்சு நிறுத்தத் தெரியுமா மேஸ்திரி?" என்றான் நக்தி. "கேட்டீங்கல்ல?"

"நான் எங்கடா நிறுத்துனேன்? விடாமத்தான் அடிச்சேன்" என்றார் கென்னா.

மேஸ்திரி குனிந்து அந்த இருட்டுக்குள் எட்டிப் பார்த்தார்.

"உன் திரி சரிதான். உள்ள பொழுதுதான் மெதுவா நகருது. அடி கிடையாது. நாளையிலேர்ந்து வலப்பக்கத்துக்கு ரெண்டு ரெண்டு குடு, உச்சிக்குச் சரியா வந்துடுவானுங்க."

"அந்த அறைய மூடிடலாம் மேஸ்திரி. இவனுங்களுக்கு முன்னாடி வீட்டுல இருக்கறவங்க கிழமாயிடுவாங்க."

"மூடறதா? மன்னர் உள்ள காலாகாலத்துக்கும் இருக்கணும். இதவிட நல்ல அறை எங்க கெடைக்கும்?"

மறுநாள் காலை கென்னா எங்கள் கைகளில் இரண்டிரண்டு திரி வைத்தார். யார் முகத்தையும் பார்க்கவில்லை.