டீசல் குடித்த மண்

பேரணாம்பட்டில் எங்கள் வீட்டுக் கொல்லையில், மல்லிகைச் செடிகள் இருந்த இடத்தில், ஜெனரேட்டருக்கு வைத்திருந்த டீசல் கேன் சாய்ந்துவிட்டது. செடிகள் கருகின. என் கணவர் யோசிக்கவே இல்லை. சிமென்ட் மூட்டை ஒன்றை வாங்கிவந்து மதிலோரம் சாய்த்தார். தளம் போட்டு பைக் நிறுத்தலாமாம். எனக்குச் சுருக்கென்றது. அந்த வீட்டில் எனக்கென்று இருந்த மண் அவ்வளவுதான்.

"மழை வர்ற வரைக்கும் விடுங்க. நான் சரி பண்ணிக் காட்றேன்" என்றேன்.

சும்மா சொல்லவில்லை. கல்லூரியில் நுண்ணுயிரியல் படித்தவள் நான். டீசலைத் தின்னும் பாக்டீரியா மண்ணிலேயே இருக்கிறது. ஆனால் வெறும் சோற்றை எத்தனை நாள் தின்பது? அதற்கும் குழம்பு, பொரியல் வேண்டாமா? சாணம், வாழைப்பழத் தோல், காய்கறிக் கழிவு, நறுக்கிய வைக்கோல் எல்லாவற்றையும் மண்ணோடு கலந்து, ஈரம் காயாமல், காற்றுப் புக அடிக்கடி கிளறிவிட்டேன். டீசல் வாடை குறையக் குறைய அழுகல் வாடை ஏறியது. பக்கத்து வீட்டார் ஜன்னலைச் சாத்தினார்கள். நான் கண்டுகொள்ளவில்லை.

ஒரு நாள் காலையில் கொல்லைக்குப் போனால் மண்மேல் ஒரே வெள்ளை. என் கணவர் தோல் பதனிடும் ஷெட்டில், பச்சைத் தோல் அழுகாமல் உப்புப் போடுகிறவர். கை சும்மா இருக்குமா?

"இன்னா பண்ணி வச்சிருக்கீங்க?"

"ஜாஸ்தியா அழுகுது. அதான் உப்பு போட்டேன்."

"அழுகணும்னுதான போட்டிருக்கேன்! உப்பு பட்டா எல்லாம் செத்துடும்!"

கோபத்தில் எனக்கு அழுகையே வந்துவிட்டது. நல்ல வேளை, அப்போதுதான் தூவியிருந்தார். முறத்தை எடுத்துவந்து, மேல்மண்ணோடு உப்பை வழித்து அள்ளினார். அன்று மாலை மார்க்கெட்டிலிருந்து ஒரு கோணி நிறையக் காய்கறிக் கழிவையும் தூக்கிவந்தார்.

மழை தொடங்கியதும் ஒரு பிடி மண்ணை அவரிடம் நீட்டினேன். தோல் கெட்டிருந்தால் முகர்ந்தே சொல்லிவிடுகிற மூக்கு அது. நிதானமாக முகர்ந்தார்.

"டீசலும் இல்ல, அழுகலும் இல்ல. வெறும் மண்ணுதான்."

டீசல் குடித்த மண்ணில் தின்கிற கீரையை விதைக்க எனக்கே துணிவில்லை. மறுபடியும் மல்லிதான் வைத்தேன். இப்போது கொடி மதில்மேல் ஏறிவிட்டது. சிமென்ட் மூட்டை அந்த மழையிலேயே நனைந்து கல்லாகிப்போனது. அதன்மேல் ஏறி நின்றுதான் அவர் எனக்குப் பூப் பறித்துத் தருகிறார்.